விடிய விடியக் கூத்தாடிய தொண்டையை அடுத்த ஆட்டத்துக்குள் மீட்பது எப்படி? கூத்து ஜமாவில் (குழுவில்) புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

நாலாம் ராத்திரி, துகில் ஆட்டம். சபை நடுவே திரௌபதி வேஷத்தில் நின்று கண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பின்பாட்டுக்காரர் சட்டென்று என் வரியை வாங்கிப் பாடி அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு சித்திரையிலிருந்து ஐப்பசி வரை நான் அலைந்த அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது. யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பதினாலு ஆட்டம் கைவிட்டுப் போயிருக்காது. தெருக்கூத்து ஜமாவில் புதிதாக வேஷம் கட்டுகிறவர்களுக்கும், அவர்கள் கூடவே போய்வரும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நாடகக் கொட்டகையில் நடிக்கிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 6 மணிக்கு ஆட்டம் முடிகிறது. தொடர்ந்து பல ராத்திரி பாரதக் கூத்து நடக்கும் ஊரென்றால் அன்று ராத்திரி 10 மணிக்கு மறுபடி களரியில் (ஆடுகளத்தில்) நிற்க வேண்டும். இடையில் இருப்பது 16 மணி நேரம். நோயில்லாத தொண்டையின் சாதாரண அசதி, ஒழுங்காக ஓய்வு கொடுத்தால் 12 முதல் 18 மணி நேரத்தில் பெரும்பகுதி ஆறிவிடும். அதாவது உங்களிடம் இருப்பது அளந்து கொடுத்த நேரம். அதில் மூன்று மணி நேரத்தைப் பேச்சிலும் சண்டையிலும் விட்டால் அன்றைய ராத்திரி பழைய கடனோடுதான் திரைக்குப் பின்னால் நிற்பீர்கள். நாலைந்து ராத்திரி கடன் சேர்ந்தால் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

1. முதல் அரை மணி: வேஷம் கலைக்கும்போதே தொடங்குங்கள்

மங்களம் பாடி முடிந்ததும் முதல் வேலை கட்டுகளைத் தளர்த்துவது. கட்டை வேஷக்காரர்கள் (மரத்தால் செய்த கிரீடமும் அணிகளும் கட்டி ஆடுகிறவர்கள்) தாடைக்குக் கீழே கிரீடக் கயிற்றையும் இடுப்புக் கயிற்றையும் அவிழ்த்துவிடுங்கள். ஸ்திரீ வேஷக்காரர்கள் மார்புக் கட்டைத் தளர்த்துங்கள். எட்டு மணி நேரம் இறுகிக் கிடந்த வயிறும் விலாவும் விரிந்தால்தான் மூச்சு அடிவரை இறங்கும். அரிதாரத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முத்துவெள்ளைத் தூள் பறந்து மூக்குக்குள் போகும். தேங்காய் எண்ணெய் தோய்த்த துணியால் வழித்து எடுங்கள்.

அடுத்து குரலை இறக்குவது. ஆட்டத்துக்கு முன் குரலை ஏற்றும் பயிற்சியை எல்லா வாத்தியாரும் (ஜமாவை நடத்துகிறவர்) சொல்லிக் கொடுப்பார்கள். இறக்கப் பயிற்சியை எங்கள் பக்கம் யாரும் சொன்னதில்லை. எனக்கு அரசு மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது இது. செலவு ஒன்றும் இல்லை.

இளநீர்க் கடையில் கொடுக்கும் உறிஞ்சுகுழல் ஒன்று எடுங்கள். காகிதக் குழல் ஊறிப்போய்விடும், வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் வைத்து, குழலின் நுனி ஒன்றரை விரற்கடை ஆழத்துக்கு மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். உதட்டால் குழலைக் கவ்விக்கொண்டு, 'ஊ' என்று மெதுவாகக் குரல் கொடுத்தபடியே ஊதுங்கள். தண்ணீரில் குமிழி ஒரே சீராக வர வேண்டும். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு தடுமாறுகிறது என்று அர்த்தம். ஒரு மூச்சுக்கு ஐந்து விநாடி போதும். பத்து முறை ஒரே சுருதியில், பிறகு பத்து முறை நடுச் சுருதியில் தொடங்கிக் கீழே வழுக்கி இறங்குங்கள். மேலே ஏறாதீர்கள். மொத்தம் ஐந்து நிமிடம்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், ராத்திரி முழுக்க ஐந்து கட்டை, ஆறு கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடும்போது குரல் நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று விநாடிக்கு நானூறு தடவைக்கு மேல்கூட மோதுகின்றன. குழலும் தண்ணீரும் கொடுக்கும் எதிர் அழுத்தம் அந்த மோதலை மென்மையாக்குகிறது. நாண்கள் அதிர்கின்றன, ஆனால் அடித்துக்கொள்வதில்லை. குழல் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால் குழந்தைகள் வண்டி ஓட்டுகிற மாதிரி உதட்டை அதிரவிட்டு 'ப்ர்ர்' என்று இறங்குங்கள். அதுவும் சரிதான்.

ஒரு விலக்கு உண்டு. ஆட்டத்தின் நடுவில் திடீரென்று, அடைப்பை இழுத்து மூடியது போலக் குரல் நின்றுபோயிருந்தால் இந்தப் பயிற்சி எதுவும் செய்யாதீர்கள். குரல் நாணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது முழு மௌனம், அன்று காலையே மருத்துவர். வலி மாத்திரை என்று ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ போட்டுக்கொள்ளாதீர்கள். அவை கசிவைக் கூட்டக்கூடும்.

2. குடிப்பதும் முகர்வதும்

தண்ணீர் குடித்தால் அது குரல் நாணின் மேல் போய் விழாது. விழுந்தால் புரை ஏறும். குடித்தது ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நாணுக்கு ஈரம் சேர்க்கிறது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஆட்டம் முடிந்த உடனே ஒரு டம்ளர், பிறகு எழுந்ததிலிருந்து மணிக்கு ஒரு டம்ளர் என்று பரப்பிக் குடியுங்கள். சித்திரை வைகாசி வெக்கையில் அரிதாரத்துக்குள் வியர்த்தது நிறைய இருக்கும், அதனால் உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. சிறுநீர் வெளிறி இருந்தால் போதிய தண்ணீர் போயிருக்கிறது.

நேராக நாணைத் தொடுவது ஆவி ஒன்றுதான். வெறும் வெந்நீர் ஆவி, பத்து நிமிடம், தூங்கும் முன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. தைலமோ மாத்திரையோ போடாதீர்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், தொண்டையோ உலரும்.

தேன், பனங்கற்கண்டு, அதிமதுரம் பற்றிக் கேட்பீர்கள். இவை உணவு போகிற வழியைத்தான் இதமாக்குகின்றன. அந்த இதம் தப்பில்லை, ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். அதிமதுரத்தை நாள் முழுக்க வாயில் அடக்குகிற பழக்கம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே அழுத்தம் உள்ள மூத்த கலைஞர்கள் தவிர்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் தொண்டையை மரத்துப்போக வைக்கிற மிட்டாய் சப்பிவிட்டுப் பாடுவது எல்லாவற்றிலும் மோசம். வலி தெரியாததால் இன்னும் அழுத்திப் பாடுவீர்கள். புகையிலை, பீடி, ஆட்டம் முடிந்த களைப்புக்குச் சாராயம் இவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றும் குரலைத் தின்னும்.

3. மௌனம்: இங்கேதான் எல்லோரும் தோற்கிறோம்

தூங்கி எழும்வரை ஒரு பேச்சும் வேண்டாம். எழுந்த பிறகும் பகல் 2 மணி வரை தேவைக்கு மட்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவு, இயல்பான தணிந்த குரலில் பேசுங்கள்.

கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. குரல் போனவரைப் பார்த்தால் எல்லோரும் 'மெதுவா, காத்தோட பேசு' என்பார்கள். நிறையப் பேர் கிசுகிசுக்கும்போது தொண்டையை முன்னைவிட இறுக்குகிறார்கள். நானும் ஒன்றரை மாதம் அப்படியே பேசித் திரிந்தேன். ஒன்று தணிந்த குரலில் பேசுங்கள், இல்லாவிட்டால் பேசவே பேசாதீர்கள்.

செருமுவதும் அப்படியே. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அது பெரும்பாலும் வீக்கத்தால் தோன்றுகிற உணர்ச்சி. 'க்ஹ்ம்' என்று செருமும்போது நாண்கள் பலமாக அறைந்துகொள்கின்றன, வீக்கம் கூடுகிறது, மறுபடி செருமத் தோன்றுகிறது. தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள். கையில் எப்போதும் பாட்டில் இருக்கட்டும்.

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடிந்ததும் ஊர்க்காரர்கள் கூத்தாடியைச் சுற்றி நின்று பேச்சுக் கொடுப்பார்கள். பாராட்டுகிறவர்களிடம் முகத்தைத் திருப்ப முடியாது. அந்த நேரத்தில் பதில் சொல்லும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் கேட்பது, வெற்றிலை பாக்கு வாங்கி அடுத்த ஊர் ஆட்டத்தை ஒப்புக்கொள்வது, வண்டிக்காரரிடம் வாடகை பேசுவது எதற்கும் முக்கிய வேஷக்காரரை முன்னால் நிறுத்தாதீர்கள். வேனில் என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசும் ஒரு மணி நேரம், களரியில் பாடும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இல்லை. என் தம்பி எனக்கு ஒரு சிறு சிலேட்டு வாங்கிக் கொடுத்தான். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இப்போது எங்கள் ஜமாவில் மூன்று பேரிடம் சிலேட்டு இருக்கிறது.

4. சாப்பாடும் தூக்கமும்

விடிகாலையில் காரக்குழம்பும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்படியே பந்தலில் சாய்ந்துவிடுவோம். வயிற்றுப் புளிப்பு மேலேறிக் குரல்வளையை அரிக்கும். எழும்போது வாயில் கசப்பு, குரலில் கரகரப்பு இரண்டும் சேர்ந்து இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். விடிகாலையில் நாலு இட்லியோ கஞ்சியோ போதும். பெரிய சாப்பாட்டைத் தூங்கி எழுந்து பகலில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுங்கள். முடியாவிட்டால் உடுப்பு மூட்டையைத் தலைப்பக்கம் வைத்து மார்பிலிருந்து மேலே உயர்த்திப் படுங்கள். ஏழு மணி நேரத் தூக்கம் பாரதப் பந்தலில் கிடைக்காது. மத்தியானம் பிரசங்கத்துக்கு ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முதல் நாளே கேட்டு, பந்தலுக்குத் தள்ளி ஒரு பள்ளிக்கூடத் திண்ணையோ வீட்டுத் திண்ணையோ வாங்கிவிடுங்கள்.

5. மாலை 5 மணிச் சோதனை

ராத்திரி ஆட்டத்துக்குக் குரல் தேறிவிட்டதா என்று பலமாகப் பாடிப் பார்க்காதீர்கள். பலமாகப் பாடினால் வீங்கிய நாணும் சத்தம் போடும். உங்கள் திரை விருத்தத்தின் (வேஷம் களரிக்கு வரும்போது திரைக்குப் பின்னால் நின்று பாடும் பாட்டின்) முதல் வரியை மேல் சுருதியில், தூங்கும் குழந்தை எழுந்துவிடாத அளவு சன்னமாகப் பாடிப் பாருங்கள். குரல் உடனே பிடித்தால் சரி. முதலில் காற்று வந்து, ஒரு கணம் கழித்துக் குரல் ஒட்டினால் வீக்கம் இருக்கிறது. தினமும் ஒரே வரி, ஒரே கட்டையில் பார்த்தால் மூன்றாம் நாளே வித்தியாசம் பிடிபடும்.

வீக்கம் இருந்தால் வாத்தியாரிடம் அப்போதே சொல்லுங்கள், ராத்திரி 11 மணிக்கு அல்ல. ஆர்மோனியத்தை அரைக் கட்டை இறக்கலாம். இரட்டை வேஷத்தில் ஒன்றை வேறொருவர் கட்டலாம். பின்பாட்டுக்காரர் பல்லவியை முழுக்க எடுத்துக்கொள்ளலாம். கட்டியக்காரன் (கதையை நடத்திச் செல்லும் கோமாளி வேஷக்காரர்) வசனத்தை நீட்டி உங்களுக்குப் பத்து நிமிடம் வாங்கித் தரலாம். நல்ல வாத்தியார் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபித்துக்கொள்வார் என்று பயந்து மறைத்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அவர்களில் ஒருவன்.

6. எப்போது மருத்துவரிடம், எந்தக் காகிதத்தோடு

இரண்டு நாள் ஓய்வில் தெளியாத கரகரப்பு என்றால் கவனம். மூன்று வாரம் தாண்டினால் கண்டிப்பாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்க் குரலிழப்பு, எச்சிலில் ரத்தம், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

நான் விழுந்த பள்ளம் ஊசி. ஊர்ப்பக்கம் ஓரிடத்தில் 'இன்னைக்கு ஆட்டம் இருக்கு' என்று சொன்னதும் ஒரு ஊசி போட்டார்கள். சாயங்காலமே குரல் கணீரென்று திறந்தது. அது வீக்கத்தைத் தற்காலிகமாக அமுக்கும் ஸ்டீராய்டு என்று பின்னால்தான் தெரிந்தது. ஆறிவிட்டதாக நினைத்து மூன்று ராத்திரி முழு பலத்தோடு பாடினேன். இப்படி மூன்று ஊசி. குரல் நாணை உள்ளே பார்க்காமல் ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. மருத்துவர் பார்த்து, தேவை என்று முடிவெடுத்து, அதன்பின் ஓய்வும் கட்டாயம் என்று சொல்லிக் கொடுப்பது வேறு. ஆட்டத்துக்காகக் கேட்டு வாங்குவது வேறு.

போகிற இடம்: எங்கள் வடக்குப் பக்கத்துக்குத் திருவண்ணாமலை, செங்கல்பட்டு, வேலூர் அடுக்கம்பாறை, விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கம் என்றால் ஜிப்மர் மருத்துவமனை. சிறிய ஊர் மருத்துவமனையில் தொண்டைக்குள் பார்க்கும் கருவி இல்லாமல் போகலாம். எனவே நேராகப் பெரிய இடத்துக்கே போங்கள்.

நேரம்: புறநோயாளிச் சீட்டுக்குக் காலை 7.30 மணிக்கே வரிசையில் நில்லுங்கள். பகல் 12 மணிக்கு மேல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். ஆட்டம் முடிந்து தூங்கி எழுந்து போகலாம் என்று நான் மூன்று முறை போய்த் திரும்பினேன். ஆட்டம் இல்லாத நாளுக்கு முந்தைய ராத்திரியே கிளம்பி, விடியலில் அங்கே இருங்கள்.

கையில்: ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம், போட்ட ஊசி மாத்திரைகளின் பெயர், ஒரு வெள்ளைத்தாளில் 'எத்தனை நாளாக, வாரத்தில் எத்தனை ராத்திரி, எத்தனை மணி நேரம் பாடுகிறேன்' என்ற கணக்கு. அந்தத் தாள் எனக்கு ரொம்ப உதவியது. கூத்து என்றால் மாலையில் இரண்டு மணி நேர நாடகம் என்று நினைத்திருந்த இளம் மருத்துவர், எட்டு மணி நேரம் என்று படித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு முதலிலிருந்து விசாரித்தார்.

பரிசோதனை பயப்படும்படி இல்லை. தொண்டையை மரக்கச் செய்யும் மருந்தைத் தெளிப்பார்கள். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து, ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை வாய்க்குள் வைத்து 'ஈ' சொல்லச் சொல்வார்கள். சிலருக்கு மூக்கு வழியாக வளையும் குழாய் விடுவார்கள். ஐந்து நிமிட வேலை. மரப்பு தெளியும்வரை, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், எதுவும் குடிக்காதீர்கள், புரை ஏறும். என் குரல் நாண்களைத் திரையில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள், முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டிலும் நேர் எதிரெதிரே அரிசி நொய் அளவு தடிப்பு. இருபது வருஷமாகச் சோறு போட்டது அந்த இரண்டு நாடாதான்.

செலவு: அரசு மருத்துவமனையில் எனக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும்தான். அதற்கு முன் தனியாரிடம் இதே பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமாக 1,800 ரூபாய் கொடுத்திருந்தேன். பார்த்த படத்தின் நகலைக் கேட்டு வாங்காமல் வந்ததால் இரண்டாம் முறை செய்ய வேண்டியதாயிற்று. எங்கே பார்த்தாலும் படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

7. தடிப்பு என்று சொன்னால்

உடனே கத்தி என்று கலங்காதீர்கள். இருபக்கத் தடிப்புக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். அதே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள், அவர்களாக அனுப்பாவிட்டால் நீங்களே கேளுங்கள். எனக்கு வாரம் ஒரு முறை, எட்டு வாரம். வீட்டில் தினம் நாலு தடவை ஐந்தைந்து நிமிடம். நாலாம் வாரம் குரல் தெளிந்ததும் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். எட்டாம் வாரம் மறுபடி கேமரா வைத்துப் பார்த்தபோது தடிப்பு சுருங்கியிருந்தது.

ஒரு பக்கம் மட்டும் தொங்கும் சதை, நீர்க்கட்டி என்றால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதை ஆடி மாதத்துக்குப் பின், ஆட்டம் குறைந்த காலத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் சில நாள் முழு மௌனம், பிறகு வாரக்கணக்கில் பேச்சுக் கட்டுப்பாடு, பாடுவது அதற்கும் பிறகு. இதை வாத்தியாரிடம் முன்பே சொல்லி அச்சாரம் வாங்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

8. காகித வேலையை ஆட்டமில்லாத மாதத்தில் முடியுங்கள்

அரசு மருத்துவமனையில் காப்பீடு இல்லாமலும் சிகிச்சை உண்டு. தனியாரிடம் போக நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முதலில் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். கூத்துக் காலத்தில் விண்ணப்பித்தால் இங்கேதான் சிக்கும், எனக்கு இரண்டு தடவை தள்ளிப்போனது. சான்று வந்ததும் குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டையில் பெயர் உள்ள எல்லோரையும் கூட்டிப் போனால் இன்னொரு நடை மிச்சம்.

இரண்டு எச்சரிக்கை. சும்மா ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் இந்த அட்டையை நம்பிப் போகாதீர்கள், இது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. உங்களுக்குச் சொன்ன அறுவை சிகிச்சையும் அந்த மருத்துவமனையும் பட்டியலில் உண்டா என்று சேரும் முன் காப்பீட்டு மேசையிலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேளுங்கள். இன்னொன்று, நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை வேறு, இது வேறு. நலவாரிய அட்டையைக் காட்டினால் போதும் என்று நம்பி மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் எங்கள் ஜமாவிலேயே இருக்கிறார்கள்.

பங்குனிக்கு முதல் அச்சாரம் வாங்குகிறபோதே உடுப்புப் பெட்டியில் ஒரு பையைச் சேர்த்துவிடுங்கள்: நாலு உறிஞ்சுகுழல், அரை லிட்டர் பாட்டில், ஆவி பிடிக்க மூடி போட்ட பாத்திரம், சிலேட்டு, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை நகல், பழைய அறிக்கைகள். அரிதாரப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். வேஷம் கலைக்க உட்காரும்போது கைக்கு எட்ட வேண்டும்.